முன் ஃபோர்க் ஸ்பிரிங் மாற்றுவது எப்படி: இன்டர்செப்டர் 650-ஐ வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பிரேக் பிடித்தால் முன்பக்கம் குத்துகிறது, ஸ்பீட் பிரேக்கரில் ‘டங்’ என்று அடிக்கிறது, வளைவில் வண்டி ஆடுகிறது. இந்தப் புகார்களோடு பட்டறைக்குப் போனால் வழக்கமாகக் கிடைக்கும் வைத்தியம், கொஞ்சம் கெட்டியான ஃபோர்க் ஆயில். சில நாள் நன்றாக இருப்பது போலத் தெரியும், அப்புறம் பழைய குறை திரும்பிவிடும். வண்டியின் எடையையும் உங்கள் எடையையும் தாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங் எவ்வளவு வேகமாக அமுங்கி எழுகிறது என்பதைக் கட்டுப்படுத்துவது மட்டுமே ஆயிலின் வேலை. ஸ்பிரிங் உங்கள் எடைக்குப் பொருந்தாதபோது எந்த ஆயிலை ஊற்றினாலும் அது சரியாகாது.

ஸ்பிரிங் மாற்றுவது சிரமமான வேலை இல்லை. பொறுமையாகச் செய்தால் ஒரு பகலில் முடிந்துவிடும். ஆனால் கழற்றி மாட்டுவது பாதி வேலைதான். எந்த ஸ்பிரிங், எவ்வளவு ப்ரீலோட் (ஃபோர்க் முழுதாக நீண்டிருக்கும்போதே ஸ்பிரிங்குக்கு இருக்கும் அமுக்கம்), எவ்வளவு ஆயில் என்பதை அளந்து முடிவு செய்வது மீதிப் பாதி. விலை உயர்ந்த ஸ்பிரிங் வாங்கிப் போட்டும் திருப்தி இல்லாமல் இருப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது பாதியைத் தாண்டிப் போனவர்கள்.

எடுத்துக்காட்டாக, சென்னையைச் சுற்றியுள்ள ராயல் என்ஃபீல்டு ஆலைகளில் தயாராகி 2018 முதல் விற்பனையில் இருக்கும் இன்டர்செப்டர் 650-ஐ எடுத்துக்கொள்கிறேன். 41 மி.மீ. பைப், 110 மி.மீ. பயணம், வெளியிலிருந்து திருகி மாற்ற எந்த வசதியும் இல்லாத சாதாரண டெலஸ்கோபிக் ஃபோர்க்: ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்களாலான இரண்டு கால்கள், ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு ஸ்பிரிங். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான வண்டிகளின் ஃபோர்க்கும் இதே அமைப்புதான். அளவுகள் மாறும், முறை மாறாது.

கழற்றும் முன் அளவெடுங்கள்

இப்போது இருக்கும் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறது என்று தெரியாமல் புதியதைத் தேர்ந்தெடுக்க முடியாது. நீங்கள் உட்கார்ந்ததும் ஃபோர்க் தன் முழு நீளத்திலிருந்து எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறதோ அதுதான் அமுங்கல் அளவு. பந்தயக்காரர்களும் சஸ்பென்ஷன் வேலை செய்பவர்களும் இதைச் ‘சாக்’ என்பார்கள்.

இதற்கு இரண்டு பேர் உதவி வேண்டும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்பக்கத்தை ஒருவர் அழுத்திப் பிடித்தால் முன் சக்கரம் தரையை விட்டு எழும்பும். ஃபோர்க் முழுதாக நீண்டிருக்கும் இந்த நிலையில், டஸ்ட் சீலின் (பைப் நுழையும் இடத்தில் இருக்கும் ரப்பர் வளையம்) மேல் விளிம்பிலிருந்து ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கீழ்த் தட்டின் அடிவரை அளந்து ‘அ’ என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து ஸ்டாண்டை எடுத்துவிட்டு, ஹெல்மெட், ஜாக்கெட், ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு, வழக்கமாக ஓட்டும்போது உட்காருவது போல உட்காருங்கள். பின்னால் ஒருவர் வண்டியை நேராகப் பிடித்துக்கொள்ளட்டும். இன்னொருவர் முன்பக்கத்தைக் கீழே அழுத்தி, மெதுவாக விட்டு, அது எழுந்து நிற்கும் இடத்தை அளக்கட்டும். அது ‘ஆ’. பிறகு முன்பக்கத்தை மேலே தூக்கி, மெதுவாக விட்டு, அது இறங்கி நிற்கும் இடம் ‘இ’. ஆ, இ இரண்டும் ஒன்றாக இருக்காது. சீலும் புஷ்ஷும் (பைப் வழுக்கிச் செல்லும் உள் வளையம்) பைப்பை உரசுவதால் வரும் வித்தியாசம் அது. இரண்டின் சராசரியை ‘அ’விலிருந்து கழித்தால் உங்கள் அமுங்கல் அளவு கிடைத்துவிடும்.

ஓர் உதாரணம்: அ 130, ஆ 79, இ 85. சராசரி 82. அமுங்கல் 48 மி.மீ.

சாலையில் ஓட்டும் வண்டிக்கு, ஆள் உட்கார்ந்த நிலையில் மொத்தப் பயணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் சரி. 110 மி.மீ. பயணத்துக்கு 33 முதல் 37 வரை. 48 என்றால் நீங்கள் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே பயணத்தில் பாதிக்கு அருகில் செலவாகிவிட்டது. குத்துவதற்குக் காரணம் அங்கே இருக்கிறது.

ஆள் உட்காராமல், வண்டியின் எடையில் மட்டும் எவ்வளவு அமுங்குகிறது என்பதையும் இதே முறையில் அளந்து எழுதி வையுங்கள். பின்னால் தேவைப்படும். ஆவுக்கும் இவுக்கும் உள்ள வித்தியாசம் 12 மி.மீ.க்கு மேல் போனால் ஸ்பிரிங் வாங்குவதைத் தள்ளிவைத்துவிட்டு, பைப் வளைந்திருக்கிறதா, சக்கர அச்சு கோணலாக இறுகியிருக்கிறதா, சீல் காய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உரசலை ஸ்பிரிங் தீர்க்காது.

கடைசியாக ஒரு பைப்பில் மெல்லிய கேபிள் டை ஒன்றைச் சுற்றி, டஸ்ட் சீலை ஒட்டி இறக்கிவிட்டு, வழக்கமான சாலையில் ஒரு சுற்று போய் வாருங்கள். ஃபோர்க் அதிகபட்சம் எவ்வளவு அமுங்கியது என்பதை அது காட்டிக்கொண்டு நிற்கும்.

எத்தனை கிலோ ஸ்பிரிங்?

ஸ்பிரிங்கின் விறைப்பை கிலோ/மி.மீ. கணக்கில் சொல்வார்கள். 0.8 கிலோ ஸ்பிரிங் என்றால் ஒரு மில்லிமீட்டர் அமுக்க 0.8 கிலோ பாரம் வேண்டும். ஐரோப்பிய நிறுவனங்கள் நியூட்டனில் எழுதும், அதை 9.81-ஆல் வகுத்தால் கிலோ கணக்கு வரும். இந்த எண் ஒரு காலில் உள்ள ஒரு ஸ்பிரிங்குக்கானது.

‘ஹெவி டியூட்டி’, ‘ஸ்போர்ட்’ என்றெல்லாம் பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். 60 கிலோ ஆளுக்கும் 100 கிலோ ஆளுக்கும் ஒரே ஸ்பிரிங் பொருந்தாது. எண் எழுதப்படாத ஸ்பிரிங்கை வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

பழைய ஸ்பிரிங்கின் விறைப்பைத் தெரிந்துகொள்ள, எடை பார்க்கும் மெஷினும் லேத் பட்டறையில் இருக்கும் டிரில்லிங் மெஷினும் போதும். மெஷினின் மேடையில் எடைக்கருவி, அதன் மேல் ஸ்பிரிங். நீளமான ஸ்பிரிங் வளைந்து தெறிக்கும், அதனால் உள்ளே ஒரு கம்பியையோ குழாயையோ கட்டாயம் விடுங்கள். முதலில் 20 மி.மீ. அமுக்கி எடையைக் குறியுங்கள். மேலும் 50 மி.மீ. அமுக்கி மறுபடி குறியுங்கள். 30 கிலோ கூடியிருந்தால், 30-ஐ 50-ஆல் வகுக்க 0.6 கிலோ/மி.மீ.

மெஷின் கிடைக்காவிட்டால் வெர்னியரே போதும். கம்பியின் தடிமனை நான்கு முறை எழுதிப் பெருக்குங்கள் (4.5 × 4.5 × 4.5 × 4.5 என்பது போல). அதை 79,000-ஆல் பெருக்குங்கள். இது ஸ்பிரிங் எஃகின் விறைப்பெண். வந்ததை, சுருளின் நடுவிட்டத்தை அதே போல மூன்று முறை எழுதிப் பெருக்கி, அதோடு 8-ஐயும் வேலை செய்யும் சுருள்களின் எண்ணிக்கையையும் பெருக்கி வருவதால் வகுத்தால் நியூட்டன்/மி.மீ. கிடைக்கும். நடுவிட்டம் என்பது வெளிவிட்டத்தில் ஒரு கம்பித் தடிமனைக் கழித்தது. இரு முனைகளிலும் தட்டையாக்கப்பட்ட சுருள்களை எண்ணக் கூடாது. 4.5 மி.மீ. கம்பி, 27 மி.மீ. நடுவிட்டம், 26 சுருள் என்றால் 7.9 நியூட்டன், அதாவது 0.8 கிலோ சொச்சம். கம்பியின் தடிமன் நான்கு முறை பெருக்கப்படுவதால் வெர்னியரில் 0.1 மி.மீ. தவறினாலும் விடை நன்றாகவே நகர்ந்துவிடும். பெயின்ட் இல்லாத இடத்தில் அளவெடுங்கள்.

இப்போது தேர்வு. பழைய ஸ்பிரிங் 0.6 கிலோ, அதில் இருந்த ப்ரீலோட் 20 மி.மீ., அமுங்கல் 48 என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங் மொத்தம் 68 மி.மீ. அமுங்கியிருக்கிறது. 68 × 0.6 = 40.8. ஒரு கால் தாங்கும் பாரம் ஏறக்குறைய 41 கிலோ. நமக்கு வேண்டியது 15 மி.மீ. ப்ரீலோடில் 35 அமுங்கல், மொத்தம் 50. 40.8-ஐ 50-ஆல் வகுத்தால் 0.82. கடையில் 0.80, 0.85 என்று கிடைக்கும். ஃபோர்க்கின் உள்ளே அடைபட்ட காற்றும் கொஞ்சம் தாங்குவதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனாலும் சரியான ஸ்பிரிங்குக்கு மிக அருகில் கொண்டுவந்து விட்டுவிடும்.

இதற்காக ஏன் இத்தனை பாடு? வண்டியும் ஆளுமாக 290 கிலோ, எடை மையம் தரையிலிருந்து 65 செ.மீ., சக்கரங்களுக்கு இடையே 140 செ.மீ. என்று வைத்துக்கொண்டு, புவியீர்ப்பில் பாதி அளவுக்குப் பிரேக் பிடித்தால் சுமார் 67 கிலோ பின்னாலிருந்து முன்னால் வந்து விழும். ஒரு காலுக்கு 34 கிலோ. 0.6 ஸ்பிரிங்கில் அது 56 மி.மீ., ஏற்கெனவே இருந்த 48-ஓடு சேர்த்து 104. மொத்தப் பயணமே 110 தான். அந்த நேரம் ஒரு குழி வந்தால் ஃபோர்க் அடியில் இடிக்கும். 0.8 ஸ்பிரிங்கில் 42-ம் 35-ம் சேர்ந்து 77, இன்னும் 33 மி.மீ. கையிருப்பில் இருக்கும். காற்றையும் ஃபோர்க்கின் சாய்வையும் விட்டுவிட்டுப் போட்ட உத்தேசக் கணக்குதான், ஆனால் சாலையில் நீங்கள் உணர்வது இதைத்தான்.

சுருள்களின் இடைவெளி ஓரிடத்தில் நெருக்கமாகவும் இன்னோர் இடத்தில் அகலமாகவும் இருப்பது ப்ரோக்ரெசிவ் ஸ்பிரிங். அமுங்க அமுங்க விறைக்கும். தனியாகவும் பின்னால் ஆளோடும் மாறி மாறி ஓட்டுபவர்களுக்கு அது உதவலாம். என் விருப்பம் ஒரே விறைப்புள்ள லீனியர் ஸ்பிரிங். அளந்தால் அளந்தபடி நிற்கும், டேம்பிங்கையும் (ஆயிலின் தடையால் அசைவு அடங்குவது) அதற்கேற்ப அமைப்பது எளிது.

ஃபோர்க்கை இறக்குதல்

ஃபோர்க்கைக் கழற்றாமல் மேல் மூடியை மட்டும் திறந்து ஸ்பிரிங்கை மாற்றிவிடலாம் என்பார்கள். முடியும்தான். ஆனால் பழைய ஆயில் முழுதாக வெளியேறாது, புது ஆயில் மட்டத்தைத் துல்லியமாக வைக்கவும் முடியாது. இறக்கியே செய்யுங்கள்.

வண்டியின் சர்வீஸ் மேனுவல், டார்க் ரெஞ்ச், வெர்னியர், அளவு ஜாடி, பெரிய சிரிஞ்சும் மெல்லிய குழாயும், பனியன் வேஸ்ட், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, இவை வேண்டும். புதிய ஸ்பிரிங், ஃபோர்க் ஆயில் தவிர மூடிகளுக்குப் புது ஓ-ரிங்கும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினுக்குக் கீழே பலகை வைத்து ஜாக்கியால் முன்பக்கத்தைத் தூக்குங்கள். சைலன்சர் பைப்பிலோ ஆயில் ஃபில்டரிலோ பாரம் விழக்கூடாது. ஃபோர்க்கின் அடியைப் பிடித்துத் தூக்கும் ஃப்ரன்ட் ஸ்டாண்ட் இந்த வேலைக்கு உதவாது, கழற்றப்போவதே அதைத்தானே. மேலே உறுதியான உத்தரம் இருந்தால் ஸ்டீரிங் தலைப்பகுதியில் பட்டை கட்டி ஒரு பாதுகாப்புக்கு மாட்டி வையுங்கள். முன்சக்கரம் இல்லாத வண்டி லேசான இடிக்கே சாயும்.

சக்கரத்தை இறக்கும் முன் இரண்டு காரியங்கள் உண்டு. ஒன்று, மேல் தட்டுக்கு மேலே பைப் எத்தனை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று இருபுறமும் அளந்து எழுதுங்கள். இரண்டு, மேல் தட்டின் இறுக்கு போல்ட்டை மட்டும் தளர்த்திவிட்டு, கீழ்த் தட்டு பைப்பைப் பிடித்திருக்கும்போதே மூடியைக் கால் சுற்று தளர்த்தி விடுங்கள். மேல் போல்ட் இறுகியிருக்கும்போது மூடியைத் திருகினால் அலுமினிய மரை கிழியும். ஃபோர்க்கை வெளியே எடுத்துவிட்டால் மூடியைத் தளர்த்தப் பைப்பைப் பிடிக்க இடமே இருக்காது. வைஸில் வைத்துப் பைப்பைக் கீறிவிட்டால் சீல் தொடர்ந்து கசியும்.

காலிபரைக் கழற்றியதும் அதன் ஹோஸில் தொங்கவிடாதீர்கள். கம்பியால் ஃப்ரேமில் கட்டி, பேடுகளுக்கு இடையே மரத்துண்டு ஒன்றைச் செருகி வையுங்கள். யாராவது தெரியாமல் லிவரை அழுத்தினாலும் பிஸ்டன் வெளியே வராது. ஏ.பி.எஸ். சென்சார் வயர் எந்த வழியாகப் போகிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. பிறகு அச்சு, சக்கரம், மட்கார்டு, ஃபோர்க் என்று வரிசையாக இறக்குங்கள். இடது எது, வலது எது என்று அடையாளம் போடுங்கள்.

மூடியைத் திறந்து ஆயிலை வடித்தல்

ஃபோர்க்கைச் செங்குத்தாக, முழுதாக நீட்டிய நிலையில் வையுங்கள். அப்போதுதான் ஸ்பிரிங்கின் அழுத்தம் மிகக் குறைவாக இருக்கும். கண்ணாடியை அணிந்து, மூடியை உள்ளங்கையால் கீழே அழுத்திக்கொண்டே கடைசி மரைகளைத் திருகுங்கள். முகத்தை மேலே கொண்டு போகாதீர்கள். மூடி வந்ததும் ஸ்பேசர் (மூடிக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே இருக்கும் குழாய்த்துண்டு), வாஷர், ஸ்பிரிங் என எந்த வரிசையில், எந்தப் பக்கம் மேலாக வருகின்றன என்று பார்த்துப் படம் எடுங்கள். பழைய ஸ்பிரிங், ஸ்பேசர் நீளங்களையும் எழுதிக்கொள்ளுங்கள், பழைய ப்ரீலோட் அதிலிருந்துதான் தெரியவரும்.

ஆயிலை வடிக்கும் முன் பைப்பை அடிவரை இறக்கி, அதன் விளிம்பிலிருந்து ஆயில் மட்டம் எவ்வளவு கீழே இருக்கிறது என்று இரு கால்களிலும் பாருங்கள். சற்று நேரம் நிறுத்தி வைத்து, ஆயில் அடங்கிய பிறகு பார்க்க வேண்டும். ஒரு காலில் மட்டும் குறைவாக இருந்தால் அது எங்கோ கசிந்திருக்கிறது.

கவிழ்த்து வைத்து, பைப்பை மெதுவாக மேலும் கீழுமாக இழுத்து முழுதாக வடியுங்கள். ஆயில் சாம்பல் நிறமாக இருந்தால் வெகுநாள் மாற்றவில்லை என்று அர்த்தம். மினுமினுப்பான உலோகத்தூள் கண்ணில் பட்டால் புஷ் தேய்கிறது, அதையும் மாற்ற வேண்டும். கழுவ மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. உள்ளே தங்கும் மண்ணெண்ணெய் புது ஆயிலை நீர்க்கச் செய்துவிடும். நூறு மில்லி புது ஃபோர்க் ஆயிலையே ஊற்றி ஆட்டி வடித்துவிடுங்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல், பழைய இன்ஜின் ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுங்கள்.

ஸ்பேசர் வெட்டுதல்

இந்த வேலையின் உயிர்நாடி இங்கே இருக்கிறது.

முதலில் புது ஸ்பிரிங்கைச் சோதியுங்கள். இரண்டும் ஒரே நீளமா, பைப்புக்குள் தட்டாமல் இறங்குகிறதா, முனைகளில் கூர் இருக்கிறதா. பிறகு, முழுதாக அமுங்கும்போது சுருள்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாது என்று உறுதி செய்யுங்கள். ஸ்பிரிங்கின் நீளம் 300 மி.மீ., மொத்தச் சுருள் 28, கம்பி 4.5 என்றால் முட்டும்போது உயரம் 126. ஆக, 174 மி.மீ. அமுங்க இடம் உண்டு. பயணம் 110, ப்ரீலோட் 15, ஆக 125 தேவை. 49 மிச்சம், போதும். ப்ரோக்ரெசிவ் ஸ்பிரிங்குக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதில் நெருக்கமான சுருள்கள் முட்டிக்கொள்வதே வேலையின் ஒரு பகுதி.

ப்ரீலோட் என்பது, ஃபோர்க் முழுதாக நீண்டிருக்கும்போதே ஸ்பிரிங் எத்தனை மில்லிமீட்டர் அமுங்கியிருக்கிறது என்பதுதான். ப்ரீலோடைக் கூட்டினால் ஸ்பிரிங் விறைப்பாகும் என்று பலர் நம்புகிறார்கள். 0.6 ஸ்பிரிங்குக்கு எத்தனை ப்ரீலோட் கொடுத்தாலும் அது 0.6 தான். வண்டியின் முன்பக்கம் உயரும், பிரேக் பிடித்தால் குத்துகிற வேகம் மாறாது. 15 முதல் 20 மி.மீ.க்குள் ப்ரீலோட் வைத்து உங்கள் அமுங்கல் அளவு சரியாக வந்தால், அந்த ஸ்பிரிங் உங்களுக்கு உரியது. 30, 35 என்று திணித்தால்தான் சரிவருகிறது என்றால் வாங்கிய ஸ்பிரிங் மென்மையானது.

ஆயில் இல்லாமலே ஸ்பிரிங்கை இறக்கி, மேலே வாஷரை வைத்து, ஃபோர்க்கை முழுதாக நீட்டுங்கள். பைப்பின் மேல் விளிம்பிலிருந்து வாஷர் வரை அளவெடுங்கள். 112 மி.மீ. என்று வைப்போம். மூடியை எடுத்து, பைப் விளிம்பில் அமரும் தோள் பகுதியிலிருந்து ஸ்பேசரைத் தொடும் அடிப்பகுதி வரை அளவெடுங்கள். 22 மி.மீ. என்று வைப்போம். 112-இல் 22 போக 90. அதோடு ப்ரீலோட் 15-ஐக் கூட்டினால் 105. ஸ்பேசர் நீளம் 105 மி.மீ.

முதல் முறை 5 மி.மீ. கூடுதலாகவே வெட்டுங்கள். குறைத்துக்கொள்ளலாம், வளர்க்க முடியாது. லேத்தில் அலுமினியக் குழாயைக் கடைந்து வாங்குவது மிக நல்லது. தண்ணீர் வேலைக்கு வரும் தடித்த சுவருள்ள பி.வி.சி. பைப்பும் போதும், உலகெங்கும் இதற்கு அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் இரு முனையிலும் எஃகு வாஷர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பிரிங்கின் முனை பி.வி.சி.யை அரைத்து ஆயிலில் கலக்கும். ஹேக்ஸா பிளேடால் அறுத்த முனையைக் கண்ணாடி மேல் வைத்த உப்புத்தாளில் தேய்த்துச் சமப்படுத்துங்கள். இரண்டு ஸ்பேசரும் அரை மில்லிமீட்டருக்குள் ஒன்றாக இருக்கட்டும்.

ஆயில்

மேனுவலில் சொன்ன தரத்திலேயே தொடங்குங்கள். ஸ்பிரிங்கையும் ஆயிலின் தரத்தையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது என்ன செய்தது என்று தெரியாமல் போகும். ஒரே ‘10 டபிள்யூ’ என்று எழுதியிருந்தாலும் ஒரு நிறுவனத்தின் ஆயில் இன்னொன்றை விடக் கெட்டியாக இருக்கும். டப்பாவில் 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அலகு) என்று போட்டிருப்பதை ஒப்பிடுங்கள். அந்த எண்தான் நம்பகமானது.

ஊற்றியபின் பைப்பை மெதுவாக, முழு நீளத்துக்கு, ஒரே சீரான தடை தெரியும்வரை ஆட்டுங்கள். உள்ளே சிக்கிய காற்று வெளியேற வேண்டும். பத்து நிமிடம் நிற்கவிடுங்கள். பிறகு ஸ்பிரிங் இல்லாமல், பைப்பை அடிவரை இறக்கி, செங்குத்தாக நிறுத்தி, பைப்பின் விளிம்பிலிருந்து ஆயில் மட்டம் வரை அளந்து மேனுவல் அளவுக்குக் கொண்டுவாருங்கள். சிரிஞ்சின் குழாயில் அந்த நீளத்தில் ஒரு தடுப்பு கட்டி, கொஞ்சம் அதிகமாக ஊற்றிவிட்டு உறிஞ்சி எடுத்தால் மட்டம் தானாகவே துல்லியமாக வந்துவிடும். மில்லி கணக்கை மட்டும் நம்பி ஊற்றாதீர்கள். பழைய ஆயில் கொஞ்சம் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

புது ஸ்பிரிங் பழையதை விடத் தடித்த கம்பியாக இருந்தால் அது அதிக ஆயிலை மேலே தள்ளும், காற்றுக்கான இடம் குறையும். அதனால் மட்டத்தை 5 மி.மீ. குறைத்துத் தொடங்குவது பாதுகாப்பு.

மூடி, மாட்டி, இறுக்குதல்

ஸ்பிரிங், வாஷர், ஸ்பேசர், வாஷர். ஓ-ரிங்குக்குத் துளி ஆயில் தடவி, மூடியை அழுத்திக்கொண்டு முதலில் எதிர்த்திசையில் திருகுங்கள். மரை ‘டிக்’ என்று விழுந்ததும் சரியான திசையில் கையாலேயே சில சுற்று போக வேண்டும். கனமாக இருந்தால் நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். குறுக்கு மரை ஏறினால் மூடி வீண்.

ஃபோர்க்கை எழுதி வைத்த உயரத்தில் நிறுத்தி, கீழ்த் தட்டின் போல்ட்டை இறுக்கி, மூடியை டார்க் ரெஞ்சால் இறுக்கி, கடைசியில் மேல் தட்டின் போல்ட். எல்லாமே மேனுவல் அளவுக்கு மட்டும். கூடுதலாக இறுக்கினால் பைப் நசுங்கி உரசும்.

சக்கரத்தை மாட்டும்போது அச்சை இறுக்கியபின், அச்சைப் பிடிக்கும் அடி போல்ட்டை உடனே இறுக்காதீர்கள். வண்டியைத் தரையில் இறக்கி, காலிபரை மாட்டி, லிவரைப் பேட் டிஸ்க்கில் பதியும்வரை பம்ப் செய்து, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஃபோர்க்கை நான்கைந்து முறை நன்றாக அமுக்குங்கள். இரு கால்களும் தங்களுக்குள் இணையாக நின்றுகொள்ளும். அதற்குப் பிறகு இறுக்குங்கள். இந்த ஒரு நிமிட வேலையைத் தவிர்ப்பதால் வரும் உரசலை, ஸ்பிரிங் சரியில்லை என்று பழி சொல்பவர்கள் நிறைய.

மறுபடி அளத்தல்

ஆரம்பத்தில் செய்த அளவுகளை மீண்டும் எடுங்கள். அ 130, ஆ 92, இ 98 என்று வந்தால் சராசரி 95, அமுங்கல் 35. அருமை. 40 வந்தால் ஸ்பேசரை 5 மி.மீ. நீட்டுங்கள், 30 வந்தால் 5 குறையுங்கள். ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கு.

இனி ஆள் இல்லாத அமுங்கல். 20 முதல் 25 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ஆளோடு 35 சரியாக வந்தும் ஆள் இல்லாமல் 12 தான் என்றால், மென்மையான ஸ்பிரிங்கை ப்ரீலோடால் தூக்கி நிறுத்தியிருக்கிறீர்கள் என்று பொருள். ஆள் இல்லாமலே 30 என்றால் ஸ்பிரிங் தேவைக்கு மேல் விறைப்பு, ப்ரீலோட் போதவில்லை. இரண்டு எண்ணும் சேர்ந்து பொருந்தினால்தான் ஸ்பிரிங் பொருந்தியது.

ஓட்டிப் பார்த்து

புது ஸ்பிரிங் முன்பக்கத்தை உயர்த்தும். 48-லிருந்து 35 என்றால் ஓட்டும்போது முன்பக்கம் 13 மி.மீ. உயரம். ஃபோர்க் சற்று சாய்ந்து, வளைவில் திருப்பச் சோம்பலாகத் தோன்றும். அப்படித் தோன்றினால் பைப்பை மேல் தட்டுக்கு மேலே 5 மி.மீ. உயர்த்திப் பாருங்கள், இருபுறமும் சமமாக. உயர்த்தியபின் ஃபோர்க் முழுதாக அமுங்கினால் டயரும் மட்கார்டும் எதையும் தொடாது என்று சரிபாருங்கள். பின் ஷாக்கின் அமுங்கலையும் அளந்துவிடுங்கள். முன்னால் சரியாகி, பின்னால் தொய்ந்து கிடந்தால் வளைவில் வண்டி வெளியே ஓடும். ஹெட்லைட் உயரத்தையும் இரவில் ஒரு சுவரில் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

கேபிள் டையை மறுபடி இறக்கிவிட்டு, காலியான சாலையில் சில முறை பலமாகப் பிரேக் பிடியுங்கள். பயணத்தில் 10 முதல் 15 மி.மீ. மிஞ்சினால் நன்று. அமுங்கல் அளவு சரியாக இருந்தும் அடிவரை போகிறது என்றால் ஆயில் மட்டத்தை 10 மி.மீ. உயர்த்துங்கள். காற்றுக்கு இடம் குறைவதால் கடைசிப் பகுதியில் மட்டும் விறைக்கும். 30, 40 மிஞ்சி, கடைசியில் முரட்டுத்தனமாக இருந்தால் 10 மி.மீ. இறக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். ஒவ்வொன்றையும் தேதி போட்டு எழுதுங்கள்.

குழியிலிருந்து எழும்பியபின் முன்பக்கம் ஒரு முறைக்கு மேல் ஊஞ்சலாடினால், விறைப்பான ஸ்பிரிங்கின் மீளும் வேகத்தை இப்போதைய ஆயிலால் பிடிக்க முடியவில்லை. ஒரு படி கெட்டியான ஆயிலுக்குப் போக வேண்டிய இடம் இதுதான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. இந்த வகை ஃபோர்க்கில் ஆயில் சிறு துளைகள் வழியாகத் தள்ளப்படுகிறது. அமுங்கும் வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். அதனால் மெதுவான அசைவில் தளர்வாகவும், வேகமாக ஒரு கூரான விளிம்பில் ஏறும்போது கைக்கு இடியாகவும் இருக்கும். கெட்டியான ஆயில் அந்த இடியைக் கூட்டும். இரண்டுக்கும் நடுவே ஒத்துப்போகும் ஆயில் கிடைக்காவிட்டால், டேம்பர் ராடின் (அந்தத் துளைகள் உள்ள உள் குழாய்) தலையில் உட்கார்ந்து ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் எமுலேட்டர் வால்வைப் பற்றி யோசிக்கலாம். அதைப் போட ராடின் துளைகளைப் பெரிதாக்க வேண்டும், வால்வின் உயரத்துக்கு ஸ்பேசரையும் குறைக்க வேண்டும்.

சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் டஸ்ட் சீலைச் சுற்றி ஆயில் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தட்டு போல்ட்டுகளையும் அச்சையும் டார்க் ரெஞ்சால் ஒரு முறை சரிபார்த்து, அமுங்கல் அளவை மீண்டும் எடுங்கள். ஸ்பிரிங் படிந்து ஓரிரு மில்லிமீட்டர் மாறியிருக்கலாம். அதற்கு ஸ்பேசரைத் தொட வேண்டாம், 4, 5 மாறியிருந்தால் மட்டும் மூடியைத் திறங்கள்.